பந்தய ட்ரோனும் பாட்டரியின் ஆயுளும்

நம் சங்கத்துக் குடும்பப் பிள்ளைகள் சிலர் இப்போது பந்தய ட்ரோன் பறக்கவிடுவதில் ஈடுபட்டிருக்கிறார்கள். என் பேரனும் அவர்களில் ஒருவன். "வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாட்டரி வீங்கிவிட்டது", "வீட்டில் தீப்பிடித்துவிடுமோ" என்று பெற்றோர்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் ட்ரோனைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்குமான 110 வோல்ட் பாட்டரிகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டு இன்வர்ட்டரில் இருப்பது ஈய-அமில பாட்டரி. அதை எப்போதும் நிரம்ப சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். குறையாக விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர். அதன் குணம் நேர் எதிர். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். அப்படி நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் அலமாரியில் கிடந்தால் உள்ளே வேதிமாற்றம் நடந்து, வாயு உண்டாகி, பை வீங்கும். அப்பாக்கள் இன்வர்ட்டர் பழக்கத்தில் "நாளைக்கு உதவும், ஏற்றி வை" என்று சொல்வதே பல பாட்டரிகளுக்கு எமனாகிறது. இரண்டு நாளைக்குள் பறக்கப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு.

இனி பறக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான்கு செல், 1500 மில்லிஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 30 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி மூன்றே நிமிடம். முழு வேகத்தில் 80 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். செல் ஒன்றுக்கு உள்மின்தடை 4 மில்லிஓம் என்று வைத்தால், நான்குக்கும் சேர்த்து 16. எண்பது ஆம்பியரில் 1.28 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். சுமார் 100 வாட் வெப்பமாகும். கையடக்கமான ஒரு பொட்டலத்துக்குள் பழைய நூறு வாட் குண்டு பல்பு எரிவதைப் போல! பழைய பாட்டரியில் மின்தடை இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். பாட்டரியின் மேல் 100சி, 120சி என்று அச்சிட்டிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சார்ஜர் காட்டும் உள்மின்தடையை மாதம் ஒருமுறை நோட்டில் குறித்து வந்தாலே எது கிழடாகிறது என்று தெரிந்துவிடும்.

விசிறியின் சுழற்சியைப் பத்து சதம் கூட்டினால், அது கேட்கும் திறன் ஏறக்குறைய 33 சதம் கூடுகிறது. ஆகவே நேர்வழியில் முழு வேகம், வளைவில் பிரேக், மறுபடி முழு வேகம் என்று ஓட்டுபவன் பாட்டரியைத் தின்கிறான். வளைவைச் சீராக எடுப்பவன் மிச்சம் பிடிக்கிறான். எஞ்சின் ஓட்டுநர்களிடமும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பிள்ளைகள் ஆறு செல்லுக்கு மாறுகிறார்கள். 1931-ல் சென்னை கடற்கரை–தாம்பரம் பாதையில் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ரயில் ஓடியது. பிற்பாடு அது 25,000 வோல்ட்டுக்கு மாறியது. அதே தத்துவந்தான். வோல்ட் ஒன்றரை மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்கு போதும். கம்பியில் வீணாவது பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் மோட்டாரும் மற்றவையும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

எப்போது இறக்குவது? 20 சதம் மிச்சம் இருக்கும்போதே. இதற்கு ஒரு சுலபமான சோதனை: திரும்ப சார்ஜ் ஏற்றும்போது 1500-ல் 1200-க்கு மேல் உள்ளே போனால், பையன் அதிக நேரம் பறந்திருக்கிறான். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் மீட்பது கடினம். நம்மூர் வி.எஸ்.எஸ்.சி.யில் விண்வெளித் தேவைக்காக லித்தியம்-அயான் செல்கள் உருவாக்கப்பட்டன; 2018-ல் அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குத் தர இஸ்ரோ முன்வந்தது. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களில், ஒவ்வொரு சுற்றிலும் பாட்டரியின் ஒரு சிறு பங்கை மட்டுமே செலவழிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அது உழைப்பது அதனால்தான்.

சார்ஜ் ஏற்றும் விஷயத்தில் தாய்மார்கள் கண்டிப்பாக இருக்கலாம். பறந்து வந்த சூட்டோடு ஏற்றக் கூடாது. கைக்குக் குளிர்ந்த பிறகே. 1500-க்கு 1.5 ஆம்பியர் போதும், அவசரம் வேண்டாம். செல்களைச் சமன் செய்யும் சிறு இணைப்பையும் மாட்ட வேண்டும். சிமெண்ட் தரையில், திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆள் விழித்திருக்கும்போது மட்டும். கீழே விழுந்து அடிபட்ட பாட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே வைத்துப் பாருங்கள். வீங்கியதை ஊசியால் குத்திக் காற்றெடுப்பது கொலைபாதகம். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் பாட்டரியை விட்டுவைப்பதும் அப்படித்தான்.

விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருப்பதால், எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை.

விடுமுறைக்கு விமானத்தில் செல்பவர்கள், தனி பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. மேலே சொன்ன நான்கு செல் பாட்டரி 22 வாட்-மணிதான்.