சுத்தியலுக்கு முன்னால் அளவு டேப்

அமெரிக்காவில் ‘டிரக்’ என்று பேச்சுவாக்கில் சொன்னால், பெரும்பாலும் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் வண்டியைத்தான் குறிக்கும். முன்னால் குடும்பம் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் வைக்கோல் முதல் மரப்பலகை வரை ஏற்றலாம். ஃபோர்டின் எஃப் வரிசை வண்டிகள் 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் பிக்கப்பாக நீடிக்கின்றன. விவசாயிக்கும் தச்சருக்கும் பிளம்பருக்கும் அதுதான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில் மண் போடுவது பல ஊர்களில் மான்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மான்கள் இணைசேரும் பருவம். மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா மலைச்சாலைகளில் பொழுது சாய்ந்ததும் அவை குறுக்கே பாயும். ஒரே இடிதான், பானெட் மடங்கி, கிரில் நொறுங்கி, ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்துவிடும். பழுதுச் செலவு வண்டியின் விலையை நெருங்கினால், காப்பீட்டு நிறுவனம் ‘முழு இழப்பு’ என்று எழுதிவிடும். பழைய வண்டிக்கு இந்தக் கதி சீக்கிரமே வந்துவிடுகிறது. அதனால்தான் பலர் வீட்டு ஷெட்டில் தாங்களே ஸ்பானரை எடுக்கிறார்கள்.

அதற்கு வண்டியின் அமைப்பும் இடம் கொடுக்கிறது. பிக்கப்பின் அடியில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ். அதன் மேல்தான் கேபினும் தொட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. பம்பர், பானெட், மட்கார்டு எல்லாம் போல்ட்டில் கழன்று வருபவை. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும் பல பழைய மாடல்களில் அப்படித்தான். காயலான் கடையில் அதே மாடல் வண்டி கிடந்தால், நாமே கழற்றி எடுத்துவந்து மாட்டிவிடலாம். ஒரே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சொட்டையை எடுப்பது பிற்பாடு. சுத்தியலைத் தொடுவதற்கு முன் அளவு டேப்போடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், அதுவும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி துளைகள் இருக்கும். இடது முன் துளையிலிருந்து வலது பின் துளைக்கு ஒரு அளவு, வலது முன் துளையிலிருந்து இடது பின் துளைக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சேசிஸ் கோணியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டியதுதான். அதன் மேல் எத்தனை புது பானெட் மாட்டினாலும் இடைவெளி ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் இடிக்கும். டயரும் ஒருபக்கமாகத் தேயும்.

இந்த இடத்தில் சிலர் மரத்தில் சங்கிலி கட்டி, வண்டியைப் பின்னால் ஓட்டி இழுக்கப் பார்க்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். அறுந்த சங்கிலி ஆளைக் கொல்லும். சிவக்கச் சிவக்கச் சூடாக்கி நிமிர்த்துவதும் தவறு. சூடு பட்ட உயர்வலு எஃகு தன் பலத்தை இழந்துவிடும். சேசிஸ் கோணியிருந்தால், அதை இழுத்து அளந்து நேராக்கும் எந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015 மாடல் முதல் அலுமினிய பாடி. அதில் எஃகுக்குப் பயன்படுத்திய அரத்தையும் தேய்ப்புத் தாளையும் வைத்தால், ஒட்டிக்கொள்ளும் எஃகுத்தூள் பின்னால் அரிப்பாகக் கிளம்பும்.

ரேடியேட்டர் உடைந்திருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே போகிறது. அது விரிசல் விட்டு கூலன்ட்டும் ஆயிலும் கலந்தால், ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு குழம்பு மிதக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் கியர்பாக்ஸும் போய்விடும். தரையில் சிந்திய கூலன்ட்டை உடனே துடைத்தெடுங்கள். அதிலுள்ள எத்திலின் கிளைகால் இனிக்கும். நக்கிய நாயோ பூனையோ உடனே சிகிச்சை இல்லாமல் பிழைப்பது அரிது.

ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கிறது. அதில் கேஸ் மிச்சமிருந்தால் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். அதற்கான கருவி உள்ளவரிடம் கொடுத்து உறிஞ்சி எடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். எல்லாம் மாட்டி முடித்ததும் சுவருக்கு எதிரே, சுமார் 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி ஹெட்லைட் விழும் உயரத்தைச் சரிபார்ப்பது அங்கே பழக்கம். பத்து நிமிட வேலைதான். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றும்.

ஏர்பேக் மட்டும் வீட்டு வேலையில் சேராது. அதன் மோதல் சென்சார்கள் பல வண்டிகளில் ரேடியேட்டர் சட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. அதனால் பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். ஏர்பேக் ஒருமுறை வெடித்துவிட்டால், விலையைப் பார்க்காமல் அசல் பாகத்தையே வாங்கித் தெரிந்தவர் கையால் மாட்டுங்கள். பையை ஊதவைக்கும் பாகமான இன்ஃப்ளேட்டரில் வரும் மலிவான போலிகள் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரித்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில், முன்பு விபத்துக்குள்ளாகிப் பழுதுபார்க்கப்பட்ட வண்டிகளில், அவை 3 பேரைக் கொன்றிருந்தன.