குஜிலிப் புத்தகக் கடைகள்

குஜிலிப் புத்தகக் கடைகள் என்பவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சென்னையின் மாலைச் சந்தைப் பகுதியைச் சார்ந்து இயங்கிய சிறு புத்தகக் கடைகள் ஆகும். இவை பாட்டுப் புத்தகங்களையும் கதைப்பாடல்களையும் மிகக் குறைந்த விலைக்கு விற்றன. இவை வெளியிட்டவை குஜிலி நூல்கள் எனப்பட்டன. தெருமுனைகளில் பாடி விற்கப்பட்டதால் இவ்வகை நூல்களை முச்சந்தி இலக்கியம் என்றும் குறிப்பிடுவர். வானொலியும் ஒலிநாடாவும் பரவாத காலத்தில் எளிய மக்களுக்கு இலக்கியமும் இசையும் ஒரே இடத்தில் கிடைத்த கடைகள் இவை.

பெயர்

மாலை நேரத்தில் கூடும் சந்தையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபே குஜிலி என்பதாகும். சென்னையில் இவ்வாறு கூடிய சந்தை குஜிலி பஜார் என அழைக்கப்பட்டது. பூங்கா நகர்ப் பகுதியில் உள்ள ஈவினிங் பஜார் சாலையின் பெயர் அச்சந்தையை நினைவூட்டுகிறது. பல பொருள்களும் விற்கப்பட்ட அச்சந்தையில் மலிவான புத்தகங்களும் விற்கப்பட்டன. நாளடைவில், சென்னையில் அச்சானாலும் வேறு ஊர்களில் அச்சானாலும் இத்தகைய மலிவுப் புத்தகங்கள் அனைத்துக்கும் குஜிலி என்னும் பெயர் வழங்கலாயிற்று.

பின்னணி

தமிழில் அச்சு நூல்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே வெளிவரத் தொடங்கின. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கசு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இது 16 பக்கங்கள் கொண்ட சிறுநூல் ஆகும். அவரது அடியார் வரலாறு 1586இல் வெளிவந்தது. இது தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகக் கருதப்படுகிறது. எனினும் அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளுக்கு அச்சுக்கலை பெரும்பாலும் சமய நிறுவனங்களின் கையிலும் அரசின் கையிலுமே இருந்தது.

1835இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி செய்தது. இதன்பின் சென்னையில் தனியார் அச்சகங்கள் பெருகின. ஏட்டுச்சுவடிகளில் இருந்த இலக்கண இலக்கியங்களைப் புலவர்கள் பதிப்பித்தனர். அப்பதிப்புகளுக்குச் செல்வந்தர்கள், மடங்கள், சமஸ்தானங்கள் ஆகியோரின் பொருளுதவி தேவைப்பட்டது. குஜிலிக் கடைகளுக்கு அத்தகைய புரவலர்கள் இல்லை. வழிப்போக்கர் தரும் காசு ஒன்றே அவற்றின் முதலாக இருந்தது. எனவே எதை வெளியிடுவது என்பதையும் அந்த வழிப்போக்கரின் விருப்பமே தீர்மானித்தது.

நூல்களின் அமைப்பு

குஜிலி நூல்கள் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கங்கள் கொண்டவை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒரு முழுத்தாளை இருபுறமும் அச்சிட்டு மூன்று முறை மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும்; அரைத்தாளில் 8 பக்கங்கள் கிடைக்கும். இவ்வாறு மடித்த தாளுக்குத் தனியே கட்டடம் செய்ய வேண்டியதில்லை. நடுவில் ஒரு தையல் இட்டால் போதும். தாளும் மலிவானதே. முகப்பில் மரக்கட்டையில் செதுக்கிய படம் ஒன்று இடம்பெறுவதுண்டு. ஒரே படம் பல நூல்களுக்குப் பயன்பட்டது.

இச்செலவுக் குறைப்பினால் காலணா, அரையணா, ஓரணா என்னும் விலைகளில் நூல்களை விற்க முடிந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதால், ஒரு ரூபாயில் 64 காலணா நூல்களை வாங்கலாம்.

இவற்றோடு 'பெரிய எழுத்து' நூல்கள் என்னும் வகையும் புகழ் பெற்றிருந்தது. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியன இவ்வகையில் வெளிவந்தன. சென்னை கொண்டித்தோப்பில் இயங்கிய இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் நிறுவனம் இத்தகைய பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது. எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும் பார்வை மங்கிய முதியோருக்கும் பெரிய எழுத்து உதவியது.

உள்ளடக்கம்

குஜிலி நூல்களில் பாடப்படாத பொருள் இல்லை எனலாம். அவற்றின் உள்ளடக்கத்தைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- பக்திப் பாடல்கள்: தலங்களின் மீதான பதிகங்கள், காவடிச் சிந்துகள், வழிநடைச் சிந்துகள்
- கதைப்பாடல்கள்: புராண, இதிகாச, நாட்டார் கதைகள்
- செய்திப் பாடல்கள்: கொலை, புயல், வெள்ளம், தீ விபத்து, இரயில் விபத்து, பஞ்சம் ஆகியவை பற்றியவை
- சமூகப் பாடல்கள்: குடி, சூதாட்டம், விலைவாசி, புதிய நாகரிகம் பற்றியவை
- அரசியல் பாடல்கள்: விடுதலைப் போராட்டமும் தலைவர்களும் பற்றியவை
- நாடகப் பாடல்கள், பின்னர் இசைத்தட்டுப் பாடல்கள், திரைப்படப் பாடல்கள்

சிந்து, கும்மி, தெம்மாங்கு, லாவணி, ஒப்பாரி, நொண்டிச் சிந்து ஆகிய வடிவங்கள் மிகுதியாகக் கையாளப்பட்டன. கொலை நிகழ்ச்சியைப் பாடும் கொலைச் சிந்து தனியொரு வகையாகவே வளர்ந்தது. இப்பாடல்களை இயற்றிய பலரைப் பற்றிப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மிகுதியாக எழுதியவர்களுள் சிறுமணவூர் முனுசாமி முதலியார் குறிப்பிடத்தக்கவர்.

வர்ணமெட்டு

குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் இசைக்குறிப்புகள் கிடையாது. பாடலின் தலைப்பின்கீழ், மக்கள் நன்கறிந்த வேறொரு பாடலின் தொடக்கத்தைத் தந்து, அதன் 'வர்ணமெட்டு' என அச்சிடுவது வழக்கம். அந்தப் பழைய பாடலை அறிந்த எவரும் புதிய பாடலை உடனே பாடிவிடலாம். சுரமோ தாளக் குறிப்போ கற்றிருக்க வேண்டியதில்லை.

இம்முறையின் தன்மையைச் சமகாலத்து நூல் ஒன்றுடன் ஒப்பிட்டு அறியலாம். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் சமஸ்தானத்தின் ஆதரவோடு அச்சிடப்பட்டது. தெலுங்கு எழுத்தில் அமைந்த அப்பெருநூல், கமகங்களுக்கும் தனிக் குறியீடுகளைக் கொண்டிருந்தது. ஒரு பாடலைக் கேட்டறியாதவரும் நூலைக் கொண்டு கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். குஜிலி நூலோ, வாங்குபவர் மெட்டை ஏற்கெனவே அறிவார் என்னும் நம்பிக்கையில் அச்சிடப்பட்டது. பாடலின் சொற்களைக் கடை விற்றது. இசை ஊராரின் செவியில் இருந்தது.

விற்பனையும் வாசிப்பும்

கடைகளில் மொத்தமாக வாங்கிய நூல்களைச் சில்லறை வணிகர்கள் திருவிழாக்கள், வாரச் சந்தைகள், இரயில் நிலையங்கள், தெருச் சந்திப்புகள் ஆகிய இடங்களுக்கு எடுத்துச் சென்றனர். அவர்களுள் பலர் நல்ல பாடகர்கள். ஓரிடத்தில் நின்று பாடத் தொடங்குவர், கூட்டம் சேரும், கதை உச்சத்தை எட்டும்போது பாட்டை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை விற்பர். மீதிக் கதையை அறியவும், கேட்ட பாட்டைத் தாமே பாடவும் மக்கள் அதனை வாங்கினர். இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்ற தமிழரோடு இந்நூல்களும் கடல் கடந்தன.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே எழுத்தறிந்தவர்கள். ஆயினும் நூலின் பயன் அவர்களோடு நின்றுவிடவில்லை. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்ந்து உரக்கப் பாட, பலர் சூழ்ந்து கேட்பர். கேட்டவர்கள் மனப்பாடம் செய்து வேறிடத்தில் பாடுவர். எனவே ஒரு நூலின் விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு அதனை அறிந்தவர்களின் எண்ணிக்கையைக் கணிக்க இயலாது.

அரசின் தடை

பாடி விற்கப்படும் நூலின் வலிமையைப் பிரித்தானிய அரசு அறிந்திருந்தது. 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டமும் 1931ஆம் ஆண்டு அவசர அதிகாரச் சட்டமும் நூல்களைப் பறிமுதல் செய்யவும் அச்சகங்களிடம் பிணைத்தொகை கேட்கவும் வகை செய்தன. பகத்சிங் 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்டபின் அவரைப் பற்றி வெளியான தமிழ்ப் பாட்டுப் புத்தகங்கள் பல தடை செய்யப்பட்டன. சில பக்கங்களே கொண்ட மலிவுப் புத்தகத்துக்குத் தடை விதித்தமை, அப்பாடல்கள் எவ்வளவு தொலைவு சென்றன என்பதற்குச் சான்றாகும்.

நாடகம், இசைத்தட்டு, திரைப்படம்

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில் இசை நாடகங்கள் பெருவரவேற்புப் பெற்றன. மேடையில் கேட்ட பாடலை வீட்டில் பாட விரும்பியோருக்கு நாடகப் பாட்டுப் புத்தகங்கள் உதவின. பின்னர் இசைத்தட்டு பரவியது. இசைத்தட்டுப் பெட்டியின் விலை எளியோருக்கு எட்டாதது. ஆனால் பொது இடங்களில் ஒலித்த பாடலின் புத்தகத்தை வாங்க அவர்களால் முடிந்தது. இசைத்தட்டுப் பாடல்களே புதிய பாட்டுகளுக்கு வர்ணமெட்டுகளாகவும் ஆயின.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. நாடகத்துக்கும் இசைத்தட்டுக்கும் பாடல் எழுதிவந்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) அதன் பாடல்களை எழுதினார். அதன்பின் திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் திரையரங்க வாயில்களிலும் நடைபாதைக் கடைகளிலும் விற்கப்பட்டன. அவற்றில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என முடிப்பர். தெருப் பாடகர் கையாண்ட உத்தியின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம்.

மறைவு

வானொலி, திரைப்படம், நாளிதழ்கள் ஆகியவற்றின் பரவலால் 1950களுக்குப் பின் குஜிலி நூல்கள் குறையத் தொடங்கின. கொலையையும் புயலையும் பற்றிய செய்தியை நாளிதழ் முந்தித் தந்தது. பாடலை வானொலி இலவசமாகத் தந்தது. பின்னர் வந்த ஒலிநாடா, சொல்லையும் மெட்டையும் ஒருசேரக் கொடுத்ததால் பாட்டுப் புத்தகத்தின் தேவையும் குறைந்தது.

பழைய நூல்களும் இசைத்தட்டுகளும் சென்னையின் மூர் மார்க்கெட்டில் நெடுங்காலம் கிடைத்து வந்தன. 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட இச்சந்தைக் கட்டடம் 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் இரயில்வே வளாகம் எழுந்தது. வணிகர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர்.

பாதுகாப்பு

குஜிலி நூல்களை அக்காலப் புலவர்கள் இலக்கியமாக மதிக்கவில்லை. வாங்கியவர்களும் கிழிந்தவுடன் எறிந்தனர். இருப்பினும் இவற்றுள் ஒரு பகுதி எஞ்சியதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, 1867ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். இதன்படி அச்சிடப்பட்ட நூல்களின் படிகளை அரசிடம் அளிக்க வேண்டியிருந்தது. பக்க எண்ணிக்கை, படிகளின் எண்ணிக்கை, விலை முதலிய விவரங்கள் காலாண்டுப் பட்டியல்களில் பதிவாயின. கண்காணிப்புக்கும் உதவிய இச்சட்டத்தின் விளைவாக, பல நூல்கள் இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தைச் சென்றடைந்தன.

இரண்டாவது, தனிநபர் சேகரிப்பு. விளம்பரப் பலகை ஓவியரான கோட்டையூர் ரோஜா முத்தையா, அரிய நூல்களோடு சிறு வெளியீடுகள், துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றையும் ஒதுக்காமல் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இந்நூலகம் தற்போது தரமணியில் உள்ளது.

ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய முச்சந்தி இலக்கியம் (2004) என்னும் நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வாகும். பஞ்சத்தையும் விலைவாசியையும் சிறை வாழ்வையும் எளிய மக்கள் எவ்வாறு கண்டனர் என்பதை அறிய, அரசு ஆவணங்களில் கிடைக்காத சான்றுகள் இந்நூல்களில் உள்ளன.

எனினும் நூலகங்களில் எஞ்சியிருப்பது சொற்கள் மட்டுமே. வர்ணமெட்டாகச் சுட்டப்பட்ட பாடல் இசைத்தட்டிலோ முதியோர் நினைவிலோ இருந்தால்தான் குஜிலிப் பாடலை அதன் மெட்டில் பாட இயலும். அது மறைந்துவிட்டால் பாடல் படிப்பதற்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. ஆகவே நூல்களை மின்வடிவில் பாதுகாப்பதோடு, பழைய இசைத்தட்டுகளையும், மெட்டுகளை இன்னும் அறிந்த தெருக்கூத்து, இசை நாடகக் கலைஞர்களின் குரல்களையும் பதிவு செய்வது இன்றியமையாதது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒற்றைத்தாள் கதைப்பாடல்கள் இவ்வாறே பாடி விற்கப்பட்டன. அவற்றிலும் அறிந்த மெட்டின் பெயர் அச்சிடப்பட்டது. கொல்கத்தாவின் படதலா பகுதி வங்காள மலிவுப் பதிப்புகளுக்குப் புகழ் பெற்றது. பிரேசிலில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கப்படும் கோர்தெல் நூல்கள் இன்றும் வெளிவருகின்றன. அவற்றின் முகப்பிலும் மரக்கட்டைப் படங்கள் உள்ளன. 2018இல் பிரேசில் அரசு கோர்தெல் இலக்கியத்தைத் தன் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

தமிழகத்தில் குஜிலி மரபின் எச்சத்தைக் கோயில் வாயில்களில் காணலாம். திருச்செந்தூர் போன்ற தலங்களில் கவசங்களும் பதிகங்களும் அடங்கிய சிறு நூல்கள் இன்றும் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் மெட்டைப் புத்தகத்தில் தேடுவதில்லை. முன்பே கேட்டறிந்து வைத்துள்ளனர்.