வரி கொடுப்போரின் குரல்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் மக்கள் பலர் தொழில் நிமித்தம் குடியேறி வாழ்கின்றனர். இவ்வட்டாரத்தின் வரலாற்றுக்கும் அமெரிக்க விடுதலைப் போருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் நெடுங்காலம் பிரிட்டனிடம் பற்றுக் கொண்டிருந்தன. உள்நாட்டு வரிகளை அவற்றின் சபைகளே விதித்துவந்தன. 1763-இல் முடிவுற்ற ஏழாண்டுப் போர் பிரிட்டனைப் பெருங்கடனில் ஆழ்த்திற்று. ஆகவே, படைச் செலவில் ஒரு பங்கைக் குடியேற்ற நாட்டாரிடமிருந்து பெறக் கருதிய பிரிட்டிஷ் பாராளுமன்றம், 1765-இல் முத்திரை வரி விதித்தது. எதிர்ப்பு மூளவே, மறு ஆண்டு அதனை நீக்கிற்று. ஆயினும், எவ்விதச் சட்டமும் இயற்றும் உரிமை தனக்குண்டு என்று அப்பொழுதே அறிவித்துக்கொண்டது.

1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை முன்னிலும் மலிவாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நீங்காதிருந்தது. பாஸ்டன் நகரத்தார் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் எறிந்தனர். மலிவான பொருளை ஏன் மறுத்தனர்? தம் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத மன்றம் தமக்கு வரி விதிக்கலாகாது என்பதே அவர்கள் வாதம். பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடிற்று. 1775-இல் போர் மூண்டது. 1776-இல் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது.

1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த தளபதி காரன்வாலிஸ், 1786-இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலானார். அவரே 1791 மார்ச்சில் திப்பு சுல்தானின் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார்; ஜூலையில் அவருடைய படை ஓசூரையும் பிடித்தது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின், மைசூர் அரசு உடையார் மரபினருக்கு அளிக்கப்பட்டது. ஆனால், ஆண்டுதோறும் 7 லட்சம் வராகன் கம்பெனிக்குச் செலுத்த வேண்டியிருந்தது.

1830-இல் நகர் பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வரிக்கொடுமை அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அமெரிக்காவில் கிளர்ச்சி விடுதலையில் முடிந்தது. இங்கோ 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சியைத் தாமே எடுத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகள் நடத்தினர்.

1881-இல் ஆட்சி மன்னரிடம் திரும்பிற்று. அவ்வாண்டே திவான் ரங்காசார்லுவின் முயற்சியால் பிரஜாப் பிரதிநிதி சபை தோன்றியது. அவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றி, பின்னர் மைசூருக்கு வந்தவர். அச்சபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லை. குறைகளை எடுத்துரைக்கும் வாய்ப்பு மட்டுமே கிட்டிற்று. எனினும், வரி கொடுப்போரை அழைத்துக் கேட்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது.

பாஸ்டன் மக்கள் எதற்காகப் போராடினரோ, அந்த உரிமை இன்று நமக்குச் சட்டப்படி உண்டு. எவ்வூரில் நிலையாக வசிக்கிறோமோ அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பிறந்த ஊரில் பெயரும் பிழைக்கும் ஊரில் வரியுமாக இருப்போர், தாம் வாழும் தெருவின் சாலைக்கும் குடிநீருக்கும் குரல் கொடுக்கும் வாய்ப்பை இழக்கின்றனர். அவ்வாய்ப்பைக் கைவிடாதிருத்தல் நம் கடமையாகும்.