பொல்லாத கனவு கண்டால்...

ஊர் உறங்கிய பின் உங்கள் பிள்ளை "உம்மா!" என்று அலறி எழுந்தால் என்ன செய்வீர்கள்? விளக்கைப் போட்டு, நெஞ்சோடு அணைத்து, ஓதி ஊதுவீர்கள். நல்லது. ஆனால், விடிந்த பிறகு? "பிள்ளைக்கு ஏதோ பட்டிருக்கிறது" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்ல, நூலும் தாயத்தும் தேடி அலைவதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையை மாத்தளை மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டீர்கள். உக்குவளை, ரத்தோட்டை, அம்பன்கங்க கோரளைப் பக்கங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக வீட்டை விட்டு இறங்கிய தாய்மார் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை, மழை தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டால் கனவில் மலை சரிவதைக் காண்பது அதிசயமல்ல. அதில் ஜின்னைத் தேட வேண்டியதில்லை. அன்று கண்ணால் கண்டதைத்தான் அந்தப் பிஞ்சு மனம் மீண்டும் காண்கிறது.

நாம் இரவு முழுவதும் ஒரே விதமாக உறங்குவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக உறக்கம் ஆழமாகி, பின் இலேசாகிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதை 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் வருகின்றன. பகலில் பட்டதையும் பயந்ததையும் மூளை அப்போது பிரித்து அடுக்குகிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். விடியற்பக்கம் இக்கட்டம் நீளும். ஸஹருக்கு எழும்போது கனவு அப்படியே நினைவில் நிற்பது இதனால்தான்.

அந்நேரம் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்கும். தளர்ச்சி நீங்குமுன் கண் விழித்துவிட்டால், நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குவது போலிருக்கும்; கத்த வராது. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானே விலகிவிடும்.

கனவு மூவகை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸில் வருகிறது: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் தரும் கவலை, மனிதனின் மனம் தன்னோடு பேசிக்கொள்வது. இந்த மூன்றாவதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். தன் தலை வெட்டுண்டு உருள, தான் அதன் பின்னால் ஓடியதாகக் கனவு கண்டு வந்து சொன்னவரிடம் நபியவர்கள் பலன் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஷைத்தானின் இத்தகைய விளையாட்டை மற்றவர்களிடம் சொல்லித் திரிய வேண்டாம் என்றார்கள். கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். எழுந்து தொழவும் சொன்னார்கள். கனவு கண்டு நோயாளி போல ஆகிவிடுவேன் என்று அபூகதாதா (ரழி) என்ற நபித்தோழரே கூறியிருக்கிறார். ஆகவே, பயப்படுவது ஈமான் குறைவு என்று யாரும் உங்களைக் குத்திப் பேச இடமில்லை.

"சொல்லாதே என்றால் வைத்தியரிடமும் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பலன் கேட்டு ஊரெல்லாம் சொல்வது வேறு. உறக்கம் கெட்டு வாடும்போது மருந்து தேடுவது வேறு. பிள்ளையின் வாயையும் அடைத்துவிடாதீர்கள். அந்த மழை நாளைப் பற்றிப் பகலில் அது பேச வந்தால், வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிள்ளை அலறும் விதத்தையும் கவனியுங்கள். உறங்கி ஓரிரு மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் காணாமல், காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது கனவன்று. ஆழ்ந்த உறக்கத்தில் வரும் திடுக்கம். உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு வழி உண்டு. பகலில் அமர்ந்து கனவின் கதையை விரும்பியபடி மாற்றுங்கள். மாற்றிய கதையை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்கள் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. இம்முறையைப் பழகியவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. பிள்ளையென்றால் கையில் கிரயோன் கொடுங்கள். சரியும் மலையை வரையட்டும். அதன் முன் ஒரு பெரிய சுவரையோ, எல்லோரையும் ஏற்றிச் செல்லும் பஸ்ஸையோ வரையட்டும். சிரிப்பு வந்தால் இன்னும் நல்லது.

காய்ச்சலும் உறக்கக் குறைவும் கெட்ட கனவைக் கூட்டும். பிரொப்ரனலோல் போன்ற சில மருந்துகளும் அப்படியே. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். படுக்கையில் கைத்தொலைபேசியில் வெள்ளக் காட்சி பார்ப்பதை மட்டும் இன்றே விட்டுவிடலாம்.

வாரத்தில் பல இரவுகள் இப்படியே கழிந்து, மாதம் ஒன்று கடந்தும் குறையாவிட்டால், உறங்கவே பயந்தால், வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டிலுள்ள வயதான ஆண்கள் உறக்கத்தில் கனவோடு சேர்ந்து அடிப்பதும் உதைப்பதும் இருந்தாலும் காட்ட வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அன்றே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

"இன்றைக்கும் மலை சரியுமா உம்மா?" என்று பிள்ளை கேட்டால், "சரியாது" என்று பொய்ச் சத்தியம் செய்ய வேண்டாம். எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக இறங்குவோம், பையை யார் எடுப்பார், உம்மும்மாவின் கையை யார் பிடிப்பார் என்பதைப் படுக்குமுன் சொல்லிக் கொடுங்கள்.