16 சீட்டு நஷ்டம், 9 சீட்டு லாபம்: பாதி பாட் கணக்கு



போன வீடியோல எக்ஸ்பெக்டட் வேல்யூ பத்திப் பேசினோம். ஜெயிக்கிற வாய்ப்பை, ஜெயிச்சா கைக்கு வர்ற பணத்தால பெருக்கணும். அதுல இருந்து நாம போடுற பணத்தைக் கழிக்கணும். அவ்வளவுதான். ஆனா "கைக்கு வர்ற பணம்" எவ்வளவுங்கிற இடத்துல சறுக்கி, என் ரூம்மேட் ஒருத்தன் ஒரு மாசச் சம்பளத்தை விட்டான். அந்தத் தப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

சி.ஏ. ஃபைனலுக்குப் படிச்சப்ப, ராத்திரியில நாங்க நாலு பேர் ஒமாஹா ஹை-லோ போக்கர் ஆடுவோம். பிளாஸ்டிக் காயின்தான், தோத்தவன் பரோட்டா வாங்கணும். அவன் என் ஃபார்முலாவை எடுத்துட்டு ஆன்லைன்ல நிஜக் காசுக்குப் போயிட்டான்.

ஆட்டம் என்ன?

ஒவ்வொருத்தர் கையிலயும் 4 சீட்டு. மேசை நடுவுல எல்லாருக்கும் பொதுவா 5 சீட்டு: முதல்ல 3, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. கையில இருந்து சரியா 2, நடுவுல இருந்து 3 சேர்த்து 5 ஆக்கணும்.

நடுவுல சேர்ற பணம்தான் பாட். அதுல பாதி உசந்த கைக்கு (ஹை), பாதி தாழ்ந்த கைக்கு (லோ). லோவுக்கு ஒரே நம்பர் ரெண்டு தடவை வராத, 8-ஐத் தாண்டாத 5 சீட்டு வேணும். ஏஸ் 1-ஆ கணக்கு. யாருக்கும் லோ அமையலைன்னா, ஹை ஜெயிச்சவருக்கே மொத்த பாட்டும்.

இன்னும் ஒரு சீட்டு வந்தா அமையும்ங்கிற நிலையில இருக்கிற கைக்குப் பேர் ட்ரா.

கணக்கு 1: 16 சீட்டு

உங்க கையில ஏஸ், 2, ஜாக், குயின். நடுவுல கிங், கிங், 7, 6. கடைசி சீட்டு பாக்கி. பாட்ல 900 ரூபாய் இருக்கு, எதிராளி 300 போடுறார். நீங்களும் 300 போட்டா மொத்தம் 1,500.

3, 4, 5, 8-ல எது வந்தாலும் உங்களுக்கு லோ. மொத்தம் 16 சீட்டு. நீங்க பார்க்காத சீட்டு 44. வாய்ப்பு 36.4%.

நான் சொல்லிக்கொடுத்த கணக்கு: 1,500-ல 36.4% = 546. போடுறது 300. லாபம் 246, போடு!

சரியான கணக்கு: ஹை எதிராளிக்கே போகும்னு வைங்க. ஜெயிச்சாலும் பாதிதான், 750. அதுல 36.4% = 273. போடுறது 300. ஒவ்வொரு தடவையும் சராசரியா 27 ரூபாய் நஷ்டம்.

கணக்கு 2: 9 சீட்டு

அதே பாட், அதே 300. ஆனா நடுவுல கிங், குயின், 9, 6. எட்டுக்குள்ள ஒரே சீட்டுதான் இருக்கு, அதனால யாருக்கும் லோ அமையாது. எதிராளிகிட்ட ஸ்ட்ரெய்ட் மட்டும் இருக்குன்னு வைங்க. உங்களுக்கு ஏஸ் வச்ச ஃப்ளஷ் ட்ரா, 9 சீட்டு. வாய்ப்பு 20.5% தான். ஆனா ஜெயிச்சா மொத்தமும் உங்களுக்கு. 1,500-ல 20.5% = 307. லாபம் 7 ரூபாய்.

வாய்ப்பு கம்மியா இருக்கிற கை லாபம், அதிகமா இருக்கிற கை நஷ்டம். இதுதான் விஷயமே.

இன்னும் மோசம்: கால் பங்கு

ஏஸ்-2 எல்லாருக்கும் பிடிச்ச கை. எதிராளிகிட்டயும் அதே ஏஸ்-2 இருந்து, ஹையும் அவருக்கே போனா, லோ பாதியை ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும். உங்களுக்கு 375 தான். கணக்கு 1-ல நஷ்டம் 27-ல இருந்து சுமார் 164 ஆகிடும். என் ரூம்மேட் அதிகமா விட்டது இங்கதான். "ஜெயிச்சேன்டா, ஆனா பணம் குறையுது"ன்னு அவன் சொன்னப்ப எனக்கும் புரியல. அப்புறம் எக்செல்ல உட்கார்ந்து போட்டப்பதான் உறைச்சது.

அப்ப எப்போ தொடரலாம்?

மூணு கேள்வி கேளுங்க.

1. அமைஞ்சா எனக்கு முழுசா, பாதியா, காலா?
2. எத்தனை பேர் பணம் போடுறாங்க? கணக்கு 1-ல இன்னொருத்தரும் 300 போட்டா பாட் 1,800, பாதி 900. நஷ்டம் 27 இருந்த இடத்துல லாபம் 27. அவர்கிட்ட ஏஸ்-2 இல்லாம இருக்கணும், அது முக்கியம்.
3. ஒரே சீட்டு ஹை, லோ ரெண்டையும் தருமா? அப்படிப்பட்ட கைக்குத்தான் துணிஞ்சு போடலாம்.

ஏற்கெனவே பாட்ல போட்ட பணம் உங்களோடது இல்லை. "இவ்வளவு போட்டாச்சே"ங்கிறது கணக்குலயே வராது.

ஒரு எச்சரிக்கை

இதைப் படிச்சுட்டு ஆப் தேடாதீங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்தியச் சட்டம், காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களைத் தடை பண்ணிடுச்சு. பரோட்டாவோட நிறுத்திக்குவோம்.

கணக்கை மட்டும் சம்பளப் பணத்துக்கு எடுத்துக்கோங்க. எஃப்.டி. 7% தருதுன்னா, 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு வரியும் செஸ்ஸும் போக கைக்கு வர்றது சுமார் 4.8%. "எவ்வளவு கிடைக்கும்?"னு யாராவது பெரிய நம்பர் சொன்னா, அடுத்த கேள்வி இதுவா இருக்கட்டும்: "அதுல என் பங்கு எவ்வளவு?"

அந்த ரூம்மேட் இப்ப ஒரு கம்பெனியில ஃபைனான்ஸ் மேனேஜர். பரோட்டா இன்னும் நான்தான் வாங்கித் தரேன். கடன் தீரணும்ல!

அடுத்த வீடியோல சந்திப்போம்.