நோயறைக்குத் துணைவரும் நாயகியர்

மருத்துவமனையில் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைப்பது காத்திருப்பு ஒன்றுதான். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். மருத்துவர் வார்டுக்கு வரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறோம். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துப் புட்டி காலியாவதற்காகக் காத்திருக்கிறோம். அந்நேரத்தைக் கடத்துவதற்குக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து ஓர் அனிமேஷன் படத்தைப் போட்டுவிடுவது இன்று பல குடும்பங்களின் வழக்கம். ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கும் பெரியவர்களும் சிறிது நேரத்தில் அதில் மூழ்கிவிடுவதுண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அத்தகைய படங்களில் வரும் நாயகியர் சிலரைப் பற்றியது இக்கட்டுரை. வாளேந்திய இளவரசியரையும் அரண்மனை நடனங்களையும் தேடுவோர் ஏமாறக்கூடும். நோயையோ, அச்சத்தையோ, நோயாளி ஒருவருக்கு அருகில் வாழ்வதையோ அறிந்த பெண்களையே இங்கே தேர்ந்துள்ளோம். அவர்களுள் ஒருத்தி மீன்.

முதல் இருவரைச் சேர்த்தே சொல்லவேண்டும். ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி 1988-இல் வெளியிட்ட 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தில் வரும் அக்காள் சத்ஸுகியும் நான்கு வயதுத் தங்கை மேயும்தான் அவர்கள். தாய் நெடுநாள் நோயாளியாக மருத்துவமனையில் இருக்கிறார். மருத்துவமனைக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகத் தந்தை பிள்ளைகளுடன் நாட்டுப்புறத்துப் பழைய வீடொன்றுக்குக் குடிபெயர்கிறார். காட்டில் வாழும் டோட்டோரோ என்னும் பெரிய, மென்மயிர் போர்த்த விந்தை உயிரைத்தான் உலகம் இப்படத்தில் நினைவு வைத்திருக்கிறது. பொம்மைக் கடைகளிலும் அதுவே அமர்ந்திருக்கிறது. ஆனால் படத்தின் உயிர் சத்ஸுகியிடம் இருக்கிறது.

இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். மியாசாகி அப்போது சிறுவர். படத்தில் நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. குழந்தைகளிடம் நாம் பெரும்பாலும் சொல்லாமல் விடுவதைப் போலவே. இன்னொரு செய்தியும் உண்டு. தொடக்கத்தில் கதையில் ஒரே ஒரு சிறுமிதான் இருந்தாளாம். பின்னரே அவளை இருவராக்கினார்கள். சத்ஸுகி என்பது ஜப்பானிய மரபில் ஐந்தாம் மாதத்தின் பழைய பெயர். மே என்பதும் அதே மாதத்தைக் குறிப்பதே. ஒரே பிள்ளையின் இரண்டு பாதிகள்போல் அவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம். ஒருத்தி அழுது அடம்பிடிக்கிறாள். மற்றவள் அழாமல் சோறு சமைக்கிறாள்.

சத்ஸுகி காலையில் எழுந்து தனக்கும் தங்கைக்கும் தந்தைக்கும் மதிய உணவு கட்டுகிறாள். பள்ளிக்குச் செல்கிறாள். மழையிரவில் உறங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி பேருந்து நிறுத்தத்தில் தந்தைக்காகக் குடையுடன் நிற்கிறாள். மூவரும் ஒரே மிதிவண்டியில் மருத்துவமனைக்குச் சென்று தாயைப் பார்க்கும் காட்சியில், தாய் அவளுடைய தலைமயிரைச் சீவிவிடுகிறார். படுக்கையில் இருப்பவரால் செய்யக்கூடிய சிறு பணி அது. அந்தச் சில நொடிகளில்தான் சத்ஸுகி மீண்டும் குழந்தையாகிறாள். உடல் ஒத்துழைக்காத நிலையிலும் ஒரு தாய் பிள்ளைக்குத் தரக்கூடியது என்ன என்று கேட்பவர்களுக்கு, நாமறிந்தவரை அந்தச் சீப்பைவிடத் தெளிவான விடை வேறு படத்தில் இல்லை.

பின்னர் ஒருநாள் மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. வார இறுதியில் வீட்டுக்கு வரவிருந்த தாயின் வருகை தள்ளிப்போகிறது. மே அழுகிறாள். சத்ஸுகி முதன்முறையாகத் தங்கையிடம் கத்திவிடுகிறாள். பிறகு அண்டை வீட்டுப் பாட்டியின் எதிரில், அம்மா இறந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று தேம்பி அழுகிறாள். முன்பும் சில நாட்கள்தான் என்று சொன்னார்களே என்கிறாள். அவள் அதை மறக்கவேயில்லை. பெரியவர்கள் ஆறுதலுக்காகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கணக்கு வைத்திருந்திருக்கிறாள்.

அக்காள் அழுவதைக் கண்ட மே, பாட்டியின் தோட்டத்தில் பறித்த சோளக்கதிரை அணைத்துக்கொண்டு மருத்துவமனையை நோக்கித் தனியே நடக்கத் தொடங்குகிறாள். அத்தோட்டத்துக் காய்களை உண்டால் அம்மா குணமாகிவிடுவார் என்று கேட்டிருந்தாள் அவள். மே காணாமற்போவதும், ஊரே தேடுவதும், டோட்டோரோ துணைவருவதும் நீங்கள் பார்த்து அறியவேண்டியவை. ஆனால் இறுதியில் தாய் தந்தையிடம் கூறும் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் வெளியே தெரிவதைவிட மிகவும் சிரமப்பட்டிருக்கிறார்கள், சொன்னபடி கேட்கும் பிள்ளை என்பதாலேயே சத்ஸுகியை நினைத்தால் கூடுதலாக வருத்தமாக இருக்கிறது என்கிறார் அவர்.

நோயாளர் இருக்கும் வீடுகளில் 'சமர்த்துப் பிள்ளை' என்று பெயரெடுத்த குழந்தை ஒன்று இருக்கும். அதற்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று எண்ணி மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருப்போம். அந்தக் குழந்தையுடன் அமர்ந்து பார்க்கவேண்டிய படம் இது. பார்த்து முடித்தபின், சத்ஸுகி ஏன் அழுதாள் என்று மட்டும் கேளுங்கள். விடை அவளைப் பற்றியதாக இல்லாமலும் போகலாம்.

பிக்சார் நிறுவனத்தின் 'இன்சைட் அவுட்' (2015) படத்து ரைலிக்கு நோயில்லை. பதினொரு வயதில் மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்ததுதான் அவளுடைய துன்பம். எனினும் அவளுக்கு இக்கட்டுரையில் இடமுண்டு. புதிய ஊரில் தந்தை வேலை நெருக்கடியில் தவிக்கிறார். இரவு படுக்கையருகே வரும் தாய், நாம் இருவரும் சிரித்த முகத்தோடு இருந்தால் அப்பாவுக்கு அது பேருதவியாக இருக்கும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆயினும் அன்றிரவு முதல் அந்தப் பிள்ளை வருந்தும் உரிமையை இழந்துவிடுகிறாள்.

இயக்குநர் பீட் டாக்டர், தம் மகள் வளரும் பருவத்தில் கலகலப்புக் குறைந்து அமைதியானதைக் கண்டு இக்கதையை எண்ணத் தொடங்கியவர். பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் ஆகிய உளவியலாளர்களிடம் ஆலோசனையும் பெற்றார். ரைலியின் மனத்துக்குள் மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வெறுப்பு ஆகிய ஐந்தும் ஐந்து பாத்திரங்களாக வாழ்கின்றன. அவற்றுள் மகிழ்ச்சி என்பவள் துயரத்தை எப்போதும் ஒரு மூலையில் நிறுத்திவைக்கவே பார்க்கிறாள். ஓரிடத்தில் பிங் பாங் என்னும் பழைய கற்பனைத் தோழன், தன் விளையாட்டு வண்டியை இழந்து உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி கூச்சமூட்டுகிறாள், வேடிக்கை காட்டுகிறாள், பயனில்லை. துயரமோ அவனருகில் அமர்ந்து, நீ விரும்பிய ஒன்றைப் பறித்துவிட்டார்களே என்று மட்டும் சொல்கிறாள். அவன் அழுகிறான். அழுதபின் எழுந்து நடக்கிறான்.

நோயாளரைக் காண வருவோர் அனைவருக்கும் அந்த ஒரு நிமிடக் காட்சியை வாசலிலேயே போட்டுக்காட்டலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. 'ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழப் பையை வைத்துச் செல்வது எளிது. இப்படத்தின் இரண்டாம் பாகம் 2024-இல் வந்தது. பதின்மூன்று வயது ரைலியைப் பதற்றம் முற்றிலுமாக ஆட்கொள்ளும் காட்சி அதில் உண்டு. மூச்சு முட்டி நெஞ்சு படபடக்கும் அனுபவத்தை வாயால் விவரிக்கத் தெரியாத இளையோருக்கு, 'எனக்கும் இப்படித்தான்' என்று சுட்டிக்காட்ட அது உதவும்.

'என்காண்டோ' (2021) கொலம்பியா நாட்டுக் கதை. அதன் நாயகி மிராபெல். ஆனால் நாம் பேசவேண்டியது அவளுடைய அக்காள் லூயிசாவைப் பற்றி. மந்திர வரத்தால் பேராற்றல் பெற்றவள். தப்பியோடிய கழுதைகளைத் தோளில் தூக்கிவருவாள். ஆற்றின் போக்கை மாற்றித் தரமுடியுமா என்று ஊரார் போகிறபோக்கில் அவளிடம் கேட்பார்கள். ஒருநாள் அவளது கண்ணிமை துடிக்கத் தொடங்குகிறது. சுமக்க முடியாமற்போனால் தான் யார் என்ற கேள்வி உள்ளே எழுந்துவிட்டதன் அடையாளம் அது. ஒவ்வொரு குடும்பத்திலும் மருந்துச் சீட்டுகளையும் காப்பீட்டுத் தாள்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு லூயிசாவை அறிமுகப்படுத்துங்கள். (இதே படத்தில் மிராபெல்லின் தாய் தாம் சமைத்த உணவாலேயே நோயைக் குணமாக்குகிறார். எங்கள் உணவகத்தாரிடம் அவ்வளவு எதிர்பார்க்கவேண்டாம்.)

எல்சாவைச் சொல்லாமல் விட்டால் சிறுமியர் மன்னிக்கமாட்டார்கள். 'ஃப்ரோசன்' (2013) வந்த நாள்முதல் அவளுடைய நீல ஆடை இல்லாத பிறந்தநாள் விழா அரிது. ஆயினும் எங்கள் விருப்பம் தங்கை ஆனாதான். மூடிய கதவுக்கு வெளியே நின்று, பதில் வராத நிலையிலும் ஆண்டுக்கணக்கில் தட்டிக்கொண்டே இருந்தவள் அவள். தொற்றுத் தடுப்புக்காகத் தனியறையில் வைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அவளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நாயகியே நோயாளியாக இருக்கும் படங்கள் குறைவு. 'வென் மார்னி வாஸ் தேர்' (2014) அவற்றுள் ஒன்று. ஆஸ்துமா கொண்ட பன்னிரண்டு வயது ஆனா, மாற்றுக் காற்றுக்காகக் கடலோர ஊருக்கு அனுப்பப்படுகிறாள். அவள் இனியவள் அல்லள். எரிச்சல்படுகிறாள், பிறரிடம் கடுமையாகப் பேசுகிறாள். நோயுற்ற குழந்தை எப்போதும் பொறுமையின் உருவாகப் புன்னகைக்க வேண்டியதில்லை என்று ஒரு படம் ஒப்புக்கொள்வது நிறைவளிக்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றது.

குணமாகிவரும் பெரியவர்களுக்குக் கிக்கியைப் பரிந்துரைப்போம். எய்கோ கதோனோ 1985-இல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவி மியாசாகி 1989-இல் இயக்கிய 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் நாயகி அவள். பதின்மூன்று வயது நிறைந்த இளஞ்சூனியக்காரி, வழக்கப்படி வீட்டைவிட்டுப் புறப்பட்டு, கடலோர நகரமொன்றில் துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுசேர்க்கும் தொழில் செய்கிறாள். ஒருநாள் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறாள். பிறகு காய்ச்சல் போய்விடுகிறது. ஆனால் பறக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. அவளுடைய கருப்புப் பூனை ஜீஜீயின் பேச்சும் அவளுக்குப் புரியாமற்போகிறது. நேற்றுவரை எண்ணாமலேயே செய்த ஒன்று இன்று கைகூடவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப்பின் முதல் படிக்கட்டில் ஏற முயன்றவர்களுக்கும், பக்கவாதத்துக்குப்பின் சட்டைப் பொத்தானோடு போராடுபவர்களுக்கும் அவளுடைய முகம் புரியும்.

காட்டில் வாழும் ஓவியத் தோழி ஒருத்தி, தனக்கும் வரையவே முடியாத காலம் வந்ததைச் சொல்கிறாள். முயன்று பார், முடியாவிட்டால் நிறுத்திவிட்டு உலவு, காட்சிகளைப் பார், பகலில் தூங்கு என்பதே அவளது அறிவுரையின் சாரம். கிக்கி முடிவில் பறக்கிறாள். ஆனால் தன் பழைய துடைப்பத்தில் அன்று, தெருவில் இரவல் வாங்கிய தூரிகைக் கட்டையில், தள்ளாடித் தள்ளாடி. ஜப்பானிய மூலத்தில் ஜீஜீயின் பேச்சு திரும்புவதேயில்லை. எல்லாமும் பழையபடி ஆகிவிட்டதாகக் காட்டாத அந்த நேர்மைக்காகவே இப்படத்தை மதிக்கிறோம்.

இனி அந்த மீன். 'ஃபைண்டிங் டோரி' (2016) படத்தின் நீலநிற டோரிக்கு எதுவும் சில நொடிகளுக்குமேல் நினைவில் நிற்பதில்லை. குஞ்சாக இருந்தபோதே பெற்றோர் அவளுக்குச் சிப்பிகளை வரிசையாக அடுக்கி, அதைப் பின்தொடர்ந்தால் வீடு வரும் என்று பழக்குகிறார்கள். மறதியுள்ள பிள்ளையைத் திட்டித் திருத்தாமல், அவளுக்கேற்ப வழியை மாற்றியமைக்கிறார்கள். ஓரிரவு, இவள் தனியே எப்படிப் பிழைப்பாள் என்று தாய் அழுவதைக் குஞ்சு கேட்டுவிடுகிறாள். தாய்க்குப் பிடித்த ஊதாச் சிப்பியைக் கொண்டுவந்து தேற்றுவதற்காகச் செல்பவளை நீரோட்டம் அடித்துச் செல்கிறது. உறங்குகிறார்கள் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு அருகில் நாம் பேசும் பேச்சுகள் நினைவுக்கு வரும் இடம் அது.

பல ஆண்டுகள் கழித்து வளர்ந்த டோரி, கடலடியில் ஒரு சிப்பி வரிசையைக் காண்கிறாள். அதைத் தொடர்ந்தால் ஓர் இருப்பிடம். அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் சூரியக் கதிர்கள்போல் சிப்பி வரிசைகள் நீள்கின்றன. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மகள் வழி கண்டுபிடிக்கட்டும் என்று பெற்றோர் இத்தனை ஆண்டுகளும் அடுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மறதிநோய் கண்ட முதியோரைப் பராமரிப்பவர்களும், குளியலறைக் கதவில் பெரிய எழுத்தில் பெயரெழுதி ஒட்டியவர்களும், மாத்திரைப் பெட்டியில் கிழமைகளைக் குறித்தவர்களும், இந்தக் காட்சியைக் கண்ணீரின்றிப் பார்ப்பது கடினம்.

பார்க்கத் தொடங்குமுன் சில குறிப்புகள். வார்டில் மற்றவர்களும் உறங்கவேண்டியிருப்பதால் காதொலிக் கருவி கட்டாயம். குழந்தை களைத்துப்போனால் படத்தை இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். அண்மையில் குடும்பத்தில் இழப்பு நேர்ந்திருந்தால் 'ஃப்ரோசன்' தொடக்கத்தில் பெற்றோர் கடலில் இறப்பதையும், 'ஃபைண்டிங் டோரி' நடுவில் பெற்றோர் இறந்துவிட்டதாக டோரி சிறிது நேரம் நம்புவதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'டோட்டோரோ'வில் குளத்தில் ஒரு குழந்தையின் செருப்பு கிடைக்கும். அது மேயுடையது அன்று. அந்தப் படம் 86 நிமிடங்களே ஓடும். பெயர்ப் பட்டியல் வரத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவது அங்கேதான், எழுத்துகளுக்கு இடையில், சிறு படங்களாக வருகிறது.