யானைப் பசிக்குச் சோளப்பொரியா சூரிய மின்சாரம்?

சிங்கப்பூரில் சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் உடனே பிரிந்துவிடும். "வருடம் முழுக்க வெயில் காயும் ஊர், கூரைக்குக் கூரை தகடு போட்டால் எரிவாயுவே வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "இந்தச் சின்னத் தீவில் எத்தனை தகடு போட்டாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்" என்பது இன்னொன்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்றும் இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று இதே நாடு உறுதி சொல்லியிருக்கிறது. அதனால் இந்த வழக்கைத் தீர்க்காமல் விட முடியாது. மொத்தத்தில் எத்தனை பங்கு என்று கேட்கும்வரை இது தீராது. கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் என்ன செலவில், எவ்வளவு கரியை மிச்சப்படுத்துகிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், சிறிய பங்குதான் என்றாலும் அதை விடக்கூடாது என்ற முடிவுக்கே வந்து சேர்வோம்.

முதல் கட்சியின் நம்பிக்கையை எண்களால் சோதித்துப் பார்ப்போம். துவாஸ் பக்கம் உள்ள தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் மிதக்கும் சூரியப் பண்ணை ஒன்று திறக்கப்பட்டது. செம்கார்ப் நிறுவனமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் அமைத்தது. சுமார் 45 ஹெக்டர் நீர்ப்பரப்பில் 122,000 தகடுகள். உச்சத் திறன் 60 மெகாவாட். உச்சத் திறன் என்பது நல்ல வெயிலில் மட்டும் எட்டும் அளவு. இரவையும் மேகத்தையும் கழித்துவிட்டால், இங்கே ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தருகிறது. அந்தக் கணக்கில் தெங்கே முழுவதும் தருவது, ஆண்டு சராசரியாக, இடைவிடாது ஓடும் 8 மெகாவாட் நிலையம் தருவதற்குச் சமம். நாட்டின் சராசரித் தேவையோ 6,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. அதைச் சூரியனால் மட்டும் நிரப்ப ஏறத்தாழ 800 தெங்கேக்கள் வேண்டும். அதாவது 360 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாட்டின் பாதி நிலம். அரசின் இலக்கும் இந்த உண்மையை மறைக்கவில்லை. 2021இல் அறிவித்த பசுமைத் திட்டம், 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் சூரியத் திறன் என்றது. அது 2030இல் எதிர்பார்க்கப்படும் தேவையில் சுமார் 3 விழுக்காடு, ஏறத்தாழ 350,000 குடும்பங்களின் பயன்பாடு. ஆகவே, கூரை மட்டும் போதும் என்பவர்கள் கணக்கில் தோற்றுவிடுகிறார்கள்.

அதற்காக இரண்டாம் கட்சி வென்றுவிடவில்லை. மூன்று விழுக்காட்டையும் கரியாக மாற்றிப் பார்க்க வேண்டும். எரிவாயுவில் ஒரு யூனிட் எடுக்க இங்கே சுமார் 400 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. 2 கிகாவாட் தகடுகள் ஆண்டுக்கு 240 கோடி யூனிட் தந்தால், மிச்சமாகும் கரி ஏறத்தாழ பத்து லட்சம் டன். தெங்கே ஒன்றே ஆண்டுக்குச் சுமார் 32,000 டன் குறைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. நம் கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. பருவநிலைக்கு விழுக்காடு தெரியாது. டன் கணக்கில் வாயு காற்றில் சேர்ந்ததா, சேரவில்லையா என்பது மட்டுமே அதற்குப் பொருட்டு.

அடுத்தது செலவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சூரிய மின்சாரம் வசதி படைத்தவர்களின் ஆசையாகத்தான் இருந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் பெரிய சூரிய நிலையங்களின் மின்சார அடக்கவிலை உலக அளவில் சுமார் 85 விழுக்காடு சரிந்தது. இந்தச் சரிவை சிங்கப்பூர் பயன்படுத்திக்கொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கூரைகளையும் மற்ற அரசு அமைப்புகளின் கூரைகளையும் ஒன்றுசேர்த்து மொத்தமாக ஏலத்துக்கு விடுகிறது. ஏலம் எடுக்கும் நிறுவனமே தகடுகளை வாங்கிப் பொருத்திப் பராமரிக்கிறது. நகர மன்றம் கையிலிருந்து முதல் போட வேண்டியதில்லை. விளைந்த மின்சாரத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கிக்கும், தாழ்வார விளக்குக்கும், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் போகிறது. மிஞ்சியது மின்கட்டமைப்பில் சேர்கிறது. காலியாகக் காய்ந்துகொண்டிருந்த கூரையை எல்லாருக்கும் பொதுவான செலவுக்கு உதவ வைக்கும் ஏற்பாடு இது.

எரிவாயுவின் விலையோ ஒரு நிலையில் நிற்பதில்லை. 2021இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியபோது, சிங்கப்பூரில் மின்சாரச் சில்லறை விற்பனையாளர்கள் பலர் ஒருவர் பின் ஒருவராகக் கடையை மூடினார்கள். எங்கோ நடக்கும் போரும் பற்றாக்குறையும் தோ பாயோ வீட்டின் மின்கட்டணத்தில் தெரிகின்றன. பொருத்தி முடித்த தகட்டுக்கு எரிபொருள் செலவே கிடையாது. அதன் அடக்கவிலை பொருத்திய நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. எரிவாயுவின் செலவோடு கரிம வரியும் சேர்கிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த வரி 2024இல் 25 வெள்ளியானது. 2026இலும் 2027இலும் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும். 45 வெள்ளி என்றால் எரிவாயு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.8 காசு. தொகை சிறிதுதான். ஆனால் புகையை இனி இலவசமாக விட முடியாது என்பதை அது விலையிலேயே எழுதிக் காட்டுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. தகட்டின் விலையை மட்டும் சொல்லிவிட்டு, மேகம் வந்தால் ஆகும் செலவை மறைக்கலாமா? கூடாது. சிங்கப்பூரின் வானம் நிலையற்றது. ஒரு கருமேகம் கடந்தால் சில நிமிடங்களில் ஒரு வட்டாரத்தின் சூரிய உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளக்குகள் எரியும் நேரத்தில் நாட்டின் ஒரு தகடுகூட வேலை செய்யாது. ஆகவே எரிவாயு நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் செலவையும் மின்கலங்களின் செலவையும் சேர்த்தே சூரிய மின்சாரத்தை எடைபோட வேண்டும். ஜூரோங் தீவில் 2023இல் திறந்த பெரிய மின்கல நிலையம் இந்தத் தேவைக்காக வந்ததுதான். ஆனால் சேமிப்புச் செலவு சூரியப் பங்கு கூடக் கூடத்தான் ஏறும். பங்கு சிறிதாக இருக்கும்வரை பகலில் விளையும் யூனிட் முழுவதும் அப்போதே செலவாகிவிடும். குளிர்சாதனங்கள் ஓடும் வேலைநாள் பகலில் தேவையும் உயர்ந்தே இருக்கிறது. சோளப்பொரி என்று கேலி செய்யப்படும் அந்தச் சிறிய பங்குதான், செலவுக் கணக்கில் எளிதாகத் தேறும் பங்கு.

இன்னொரு மறுப்பு பருவநிலைக்குக் கிடைக்கும் பயனையே கேள்வி கேட்கிறது. தகடுகளில் பெரும்பாலானவை சீனாவில், நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு செய்யப்படுகின்றன. அந்தக் கரியை யார் கணக்கில் எழுதுவது? நியாயமான கேள்வி. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014இல் தந்த மதிப்பீட்டில், தயாரிப்பு முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்தால் கூரைத் தகட்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 41 கிராம், எரிவாயுவுக்கு 490 கிராம். இதை நம் ஊர் வெயிலுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு தகடு தன் பிறப்பில் பட்ட கரிக்கடனை மூன்று ஆண்டுகளுக்குள் அடைத்துவிடுகிறது. மதிப்பீடு குறைவு என்று சந்தேகப்பட்டு இரட்டிப்பாக்கினாலும் ஆறு ஆண்டுக்குள் அடைந்துவிடும். தகட்டின் ஆயுள் 25 ஆண்டு. எரிவாயுவின் கடனோ தீர்வதே இல்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் புதிதாக ஏறிக்கொண்டே போகிறது.

கருந்தகடுகள் வெயிலை உறிஞ்சி ஊரைச் சூடாக்காதா என்றும் கேட்கிறார்கள். தகடு தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கூரைக்கு மேலே உள்ள காற்று பகலில் சற்றுச் சூடேறலாம் என்பது உண்மைதான். அதே தகடு கூரைக்கு நிழலும் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக அளவிலோ கணக்கு தெளிவானது. கிரெகரி நெமெட் 2009இல் வெளியிட்ட ஆய்வு, எரிபொருளைத் தவிர்ப்பதால் கிடைக்கும் பயன் தகட்டின் கருமையால் வரும் வெப்பத்தைப்போல் சுமார் 30 மடங்கு என்று கண்டது. பழைய தகடுகள் குப்பையாகும் கவலைக்கும் வழி இருக்கிறது: 2021 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுச் சட்டத்தில் சூரியத் தகடுகளும் அடங்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு: பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளின் கூரை குறுகலானது, ஓடு வேய்ந்தது, இருபுறமும் சரிந்தது; அதன் தோற்றத்தைக் காக்க வேண்டிய கடமையும் உண்டு. வாடகைக்குக் கடை நடத்துபவருக்குத்தான் மின்கட்டணச் சுமை, கூரையோ உரிமையாளருடையது. ஒருவர் முதல் போட்டு இன்னொருவர் பயன் பெறுவதென்றால் யாரும் முன்வர மாட்டார்கள். சாப்பாட்டுக் கடைக்காரரும் பூக்கடைக்காரரும் சூரியனால் பயன் பெற வேண்டுமானால், பொதுக் கூரைகளில் விளையும் மின்சாரத்தில் அவர்களும் பங்கு வாங்க ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கூரை உள்ளவர்களுக்கே இந்த மலிவு போய்ச் சேரும்.

கூரையால் நிரப்ப முடியாததை வேறு வழிகளில்தான் நிரப்ப வேண்டும். 2035க்குள் 6 கிகாவாட் கரிகுறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்ய அரசு இலக்கு வைத்திருக்கிறது. லாவோஸ் நீர்மின்சாரம் 2022இலேயே தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியது. அதற்கும் கம்பிச் செலவு உண்டு, அண்டை நாடுகளைச் சார்ந்திருக்கும் இடர் உண்டு. அப்படியிருக்க, சொந்தக் கூரையில் கிடைப்பதை வேண்டாம் என்பதில் அர்த்தமில்லை. குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தங்கள் புளோக்கின் கூரை சென்ற ஆண்டு எத்தனை யூனிட் தந்தது, அதனால் பொதுச் செலவில் எத்தனை வெள்ளி மிஞ்சியது என்று நகர மன்றத்திடம் கேட்கலாம். அந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு மின்தூக்கிக் கூடத்திலும் ஒட்டிவைக்கச் சொல்லலாம். சூரிய மின்சாரம் கட்டுப்படியாகிறதா என்ற வாதம் அதன் பிறகு ஊகத்தில் நடக்காது. கண்முன்னே உள்ள கணக்கில் நடக்கும்.